தட்டில் இல்லாத வேட்டி

பந்தல்கால் நட்டாயிற்று. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. கூறைச்சேலை எடுத்து, அதை ஊர்ப் பெண்கள் எல்லோரும் பிரித்துப் பார்த்து, சரிகை இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம் என்று நொட்டை சொல்லியும் முடித்துவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு, மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்கு மட்டும் இன்னும் வெற்றிலை பாக்கு வைக்கவில்லை.

அதற்காகத்தான் சுப்பாத்தாள் அன்றைக்கு மாப்பிள்ளையான மகன் அப்புசாமியைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சியில் பஸ் ஏறினாள். மகளைக் கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவள் முகத்தில் கொஞ்சமாவது சிரிப்பு இருக்க வேண்டாமா? அவள் முகம் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவள் முகமாக இருந்தது.

காரணம் இதுதான். பெண் கொடுக்கிற சென்னியப்ப கவுண்டர், சுப்பாத்தாள் வீட்டுக்கு வந்து, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "உங்க மருமகன் ஆறுச்சாமி பந்தலுக்குள்ள கால் வெச்சா, நான் பந்தல்ல இருக்க மாட்டனுங்க."

மகள் நாச்சியம்மாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டே, "பொண்டாட்டி வந்தா புருசனும் பொறகாலயே வருவானுங்களே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ள சுப்பாத்தாளுக்கு அகராதி தேவைப்படவில்லை.

நாச்சி வரக்கூடாது. ஆனால் 'வராதே' என்று பெற்றவள் எப்படிச் சொல்வது?

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளை மணையில் உட்காரவைத்து, கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவனிடமும் மறு தலைப்பை அவளிடமும் கொடுத்துச் செய்கிற சீர். பிறந்த வீட்டில் அவளுக்கு உள்ள பாத்தியதை அன்றைக்குத்தான் ஊரறிய உறுதியாகிறது. சொந்த அக்காள் உயிரோடு இருக்கும்போது, பெரியப்பன் மகளை உட்காரவைத்தால் பந்தலில் ஒரு வாய் சும்மா இருக்காது. அக்காளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் கதை வேறு. பழி அவளோடு போய்விடும்.

சுப்பாத்தாள் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வரத்தான் போனாள். மகள் வாயால் ஒரு 'மாட்டேன்'.

அதற்கு வழியும் செய்துவைத்திருந்தாள். கல்யாணத்துக்கு அழைக்கும்போது மகளுக்குச் சேலையும் மருமகனுக்கு வேட்டியும் தட்டில் வைத்து, இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தித்தான் கொடுக்க வேண்டும். பொள்ளாச்சியில் சேலை எடுத்தபோது அப்புசாமி ஆசையாகக் கரை போட்ட குண்டஞ்சி வேட்டியும் எடுத்திருந்தான். காலையில் அவன் குளிக்கப் போன சமயம், சுப்பாத்தாள் பையிலிருந்து வேட்டியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நாச்சியின் ரோஷம் ஊரறிந்தது. புருஷனுக்கு வேட்டி இல்லாத தட்டை அவள் தொடமாட்டாள். அதில் சுப்பாத்தாளுக்குச் சந்தேகமே இல்லை.

கோயமுத்தூரில் பஸ் மாறி வெள்ளைக்கரட்டில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. அவர்களோடு இறங்கியவர் வேறு யாரும் இல்லை.

நாச்சியைக் கட்டிக்கொடுத்த காலத்தில் இந்த பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. 'பங்காரம்மா மில்' என்றால் சுற்றுவட்டாரத்தில் பெண் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'தென்னந்தோப்பு வெச்சிருக்கறவனை விட மில் மாப்பிள்ளை ஒசத்திங்க, மழை பேஞ்சாலும் பேயாட்டியும் சம்பளம்' என்று சுப்பாத்தாளே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். தீபாவளி போனசில் ஆறுச்சாமி எடுத்துக் கொடுத்த சேலையை அவள் மூன்று வருஷம் விசேஷத்துக்கு விசேஷம் கட்டினாள். அதையெல்லாம் இப்போது நினைவுபடுத்தினால் அவளுக்குக் கோபம் வரும்.

இருந்த ஒரே ஜட்கா வண்டிக்காரர் ரசாக். அவர்களைப் பார்த்ததும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார்.

"ஆறுச்சாமி ஊட்டுக்குங்களா? ஏறுங்கம்மா, ஏறுங்க. ஒறம்பரை, சொந்தபந்தம்னு எங்க ஊருக்கு ஆளு வந்து எத்தனை நாளாச்சுங்க."

சாலையின் இருபக்கமும் பருத்திக்காடு வெடித்துக் கிடந்தது. முன்பெல்லாம் காட்டிலிருந்து பருத்தி நேரே மில்லுக்குப் போகும். மூட்டை இறக்கின கையோடு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இப்போது திருப்பூருக்கு வண்டி கட்ட வேண்டும். பாதிக் காட்டில் சோளம் போட்டுவிட்டார்கள், அதுவும் தண்ணீரில்லாமல் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது.

கடைவீதியில் ஹோட்டல் இருந்த இடத்தில் யாரோ எருமையைக் கட்டியிருந்தார்கள். மில் தொழிலாளர்களுக்கென்றே இருந்த துணிக்கடையின் போர்டு மட்டும் மிச்சம். சினிமாக் கொட்டகையின் கீற்றை எல்லாம் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மில் வந்தது. பெரிய கேட்டில் பூட்டு தொங்கியது. அதற்குப் பக்கத்திலேயே லாரி நுழைகிற அகலத்துக்கு மதில் இடிந்து கிடந்தது. பூட்டு எதற்கென்று தெரியவில்லை.

"அதென்னங்க, செவுரு தானா உழுந்துபோச்சுங்களா?" என்று அப்புசாமி கேட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"தானா உழுகுமுங்களா தம்பி? இடிச்சாங்க. மொதலாளி சுந்தரராஜுலு நாயுடு இருந்தவரைக்கும் ராசாவாட்டம் நடந்த மில்லுங்க. அவரு போனாரு, பசங்க ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கலை. மூடிப்போட்டாங்க. சரி, நாளைக்குத் தொறப்பாங்க, நாளான்னைக்குத் தொறப்பாங்கன்னு சனம் காத்துக் கெடந்துச்சு. மெசின் உள்ள இருக்குதில்லீங்களா, அந்த நம்பிக்கை. பொள்ளாச்சிப் பக்கம் சென்னியப்பன்னு ஒருத்தன், அவன் வந்து மெசினையெல்லாம் வாங்கிப்போட்டான். செவுத்தை இடிச்சு லாரியில ஏத்தினான் பாருங்க, பொம்பளைங்க மண்ணை வாரித் தூத்துனாங்க. உங்க மாப்பிள்ளைதான் லாரிக்கு முன்னால படுத்தாரு. 'மெசின் போனா ஊரு போச்சுங்க, என்மேல ஏத்திட்டுப் போங்க'ன்னாரு. போலீசு வந்து தூக்கிப் போட்டுச்சு. அந்தச் சென்னியப்பன் நல்லா இருப்பானுங்களா?"

சுப்பாத்தாள் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிரையின் காதைப் பார்த்தாள். அந்தச் சென்னியப்பன் நல்லா இருக்க வேண்டும் என்று அவள் மாசாணியம்மனுக்கு விளக்குப் போட்டு வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவர் மில்லில் அப்புசாமிக்கு மேனேஜர் வேலை. ஊரில் கிணறு வற்றி, தென்னை மொட்டையாகி நிற்கிற குடும்பத்துக்கு இந்தச் சம்பந்தத்தை விட்டால் வேறு வழி இல்லை. அந்த மில்லில் ஓடுகிறது எந்த ஊர் மெஷின் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

"பாதிப் பேரு கோயமுத்தூர் கணபதிப் பக்கம் பட்டறை வேலைக்குப் போயிட்டாங்க" என்றார் ரசாக். "ஆறுச்சாமி மட்டும் போகலீங்க. கெணத்து மோட்டார் ரிப்பேரு பாத்துக்கிட்டு இங்கத்தயே கெடக்கறாரு."

மில்லின் லைன் வீடுகளில் பாதிக்குக் கதவு இல்லை. கதவு இருந்த ஒன்றின் முன்னால் நாச்சி சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வாங்கம்மா! வா அப்பு! நேத்தே வருவீங்கன்னு பாத்தேன். முந்தாநேத்தும் பாத்தேன்."

மெலிந்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. சுப்பாத்தாள் சேலைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கை கொஞ்ச நேரம் அந்தக் கன்னத்திலேயே நின்றது.

நாச்சிக்குப் பேச்சு நிற்கவில்லை. பெண் எப்படி, நிறம் எப்படி, பந்தலுக்குத் தென்னங்கீற்று எங்கே சொன்னீர்கள், சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் யார் என்று கேட்டுக்கொண்டே அடுப்பை மூட்டினாள். பெண் யார் வீட்டுப் பெண் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நல்ல நேரம் போயிரும், முதல்ல தட்டை எடுத்துக்க அம்மிணி" என்றாள் சுப்பாத்தாள். மருமகன் வருவதற்குள் முடித்துவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அவரு தோட்டத்துக்கு மோட்டார் பாக்கப் போயிருக்கறாருங்கம்மா. சித்த நேரத்துல வந்துருவாரு."

"வரட்டும், வரட்டும். நீ வாங்கிக்க."

தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பச்சைச் சேலை. நாச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். பை தட்டையாகக் கிடந்தது.

"வேட்டி எங்கம்மா?" என்று கேட்டது நாச்சி அல்ல, அப்புசாமி. "நான் எடுத்து வெச்சனே?"

"மறந்துபோட்டேன் போலிருக்குது" என்றாள் சுப்பாத்தாள்.

"மறக்கறதா? மேலயே வெச்சிருந்தேன்."

"மறந்துபோச்சுங்கறேன்ல!"

அந்த அதட்டலில் அவனுக்கு விளங்கிவிட்டது. அம்மாவைப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். நடக்கப் பழகிய பிறகும் அக்காள் இடுப்பை விட்டு இறங்காதவன் அவன். இப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'மச்சான் வராம நான் மணையில உக்கார மாட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. அவன் குனிந்து, தரையில் கிடந்த நூல் பிசிரை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தான்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஆறுச்சாமி வந்துவிட்டான். சட்டை முழுக்க கிரீஸ். மோட்டார் பார்த்த தோட்டத்தில் கொடுத்த கத்தரிக்காய் ஹேண்டில்பாரில் ஒரு பையில் தொங்கியது.

"வாங்கத்தை! மாப்புள, வாங்க வாங்க. சாப்புட்டீங்களா? நாச்சி, இதைப் போட்டு ஒரு கொழம்பு வெய்யி." தட்டைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அட, எனக்காக நின்னுட்டு இருக்கறீங்களா?"

தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினான். துண்டை உதறி இடுப்பில் கட்டினான். பெண்டாட்டிக்குப் பக்கத்தில் வந்து, வலது கையின் கீழ் இடது கையைக் கொடுத்து, வாங்கிக்கொள்கிறவனாக நின்றான்.

சுப்பாத்தாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மருமகனைப் பார்க்காமல், தட்டை மகள் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

ஆறுச்சாமி ஒன்றும் அறியாதவன் அல்ல. தட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துகொண்டான். நீட்டிய கையை மடக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

"நீ வாங்கிக்க நாச்சி. சைக்கிள்ல காத்து எறங்கியிருக்குது, நான் பாத்துட்டு வாரேன்" என்று வெளியே போனான்.

திட்டியிருந்தால் சுப்பாத்தாளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். லாரிக்கு முன்னால் படுத்தவன், மாமியார் தட்டுக்கு முன்னால் ஒதுங்கிப் போய்விட்டான். ஆனாலும் அவள் காத்திருந்தாள். இப்போது நாச்சி சொல்லுவாள். தட்டைத் தள்ளிவிட்டு, 'எம்புருசனுக்கு இல்லாத சீர் எனக்கெதுக்கு, எடுத்துட்டுப் போங்க' என்று சொல்லுவாள். அழுவாள், கத்துவாள். சுப்பாத்தாளும் நாலு வார்த்தை கத்திவிட்டு பஸ் ஏறிவிடலாம்.

நாச்சி புருஷன் பின்னால் வெளியே போனாள். சுவர் மெல்லியது. பேச்சு கேட்டது.

"போயிட்டு வா. உன்ற தம்பி கல்யாணம். எனக்கு அங்கத்த என்ன வேலை கெடக்குது?"

"உங்களை உட்டுட்டா?"

"நாலு பேரு என்னை உட்டுட்டுத்தான் பொழைக்கறாங்க. நீ போய் உக்காரு. உக்காரலைன்னா நாளைக்கு உனக்குப் போக வாசலில்லை."

பிறகு நாச்சி உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. தாயார் கையிலிருந்து தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வாரனுங்கம்மா. இன்னைக்கே உங்க கூடயே வாரேன்."

சுப்பாத்தாள் அப்படியே அடுப்போரம் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்கேவா? மாப்பிள்ளை சோத்துக்கு என்ன பண்ணுவாரு? யோசிச்சுப் பாரு கண்ணு. அவரு இல்லாம நீ மட்டும் வந்தா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? உனக்கு மனசுக்குச் சரியில்லைன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க…"

"பாவாத்தாக்குச் சொல்லிப்போட்டீங்களா?"

பாவாத்தாள் பெரியப்பன் மகள். சுப்பாத்தாள் அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினாள்.

"சும்மா, ஒரு இதுக்கு… ஒருவேளை உன்னால வர முடியலீன்னா…"

"நான் மாட்டேன்னு சொல்லோணும்னுதானே வந்தீங்க?" நாச்சி கத்தவில்லை. சேலையைத் தட்டிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே பேசினாள். "என்ற ரோசம் உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்கம்மா. ஆனா எனக்குப் பிள்ளையும் இல்லை. இந்த ஊருக்கு மில்லும் இல்லை. பொறந்த ஊட்டு வாசலையும் நானே சாத்திக்கறதுக்கு, என்றகிட்ட இனி ரோசமில்லை."

அப்புசாமி எழுந்து வாசலுக்குப் போனான். அங்கே மச்சான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். டயர் கல்லாக இருந்தது, இன்னும் அடித்துக்கொண்டிருந்தான்.

கத்தரிக்காய்க் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. யாரும் இரண்டாவது முறை வாங்கிக்கொள்ளவில்லை.

பஸ் வரைக்கும் ஆறுச்சாமி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தான். ஏற்றிவிட்டு, "அத்தை, பாத்துக்குங்க" என்றான். யாரை என்று சொல்லவில்லை. சுப்பாத்தாளும் தலையை மட்டும் ஆட்டினாள்.

கோயமுத்தூர் தாண்டியதும் நாச்சி அசதியில் கண்ணயர்ந்து, தாயார் தோளில் சாய்ந்துவிட்டாள். சுப்பாத்தாள் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மகள் தலையில் எண்ணெய் இல்லை. வீட்டுக்குப் போனதும் தேய்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே, வீட்டுக்குக் கூட்டிப்போனால் சென்னியப்பரிடம் என்ன சொல்வது என்று நினைத்தாள். இரண்டையும் நினைத்தது அதே மனசுதான்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியபோது, அப்புசாமி முன் சீட்டிலிருந்து எழுந்து நின்றான்.

"அம்மா. அவரு நிக்கறாருங்க."

சென்னியப்ப கவுண்டர்தான். பிளஷர் காரில் சாய்ந்துகொண்டு, சம்பந்தியம்மாள் வெயிலில் நடக்கக்கூடாதென்று தாமே வந்து நின்றிருந்தார்.

சுப்பாத்தாள் மகளை உலுக்கினாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு தணிந்திருந்தது.

"அம்மிணி, நாங்க முன்னால எறங்கிக்கறோம். நீ சித்த நேரங் கழிச்சு எறங்கி, அடுத்த டவுன் பஸ்ல வந்துரு. என்ற கண்ணல்ல?"

நாச்சி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காரையும் அவரையும் பார்த்துவிட்டு, தம்பியைப் பார்த்தாள். அப்புசாமி அதற்குள் முன்வழியாக இறங்கி, மாமனாருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான்.

"போங்கம்மா" என்றாள் நாச்சி. ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

சுப்பாத்தாள் இறங்கினாள். பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. சென்னியப்பர் கையைக் கூப்பினார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வாங்க, வாங்க. ஏனுங்க, மக வரலீங்களா?"

ஜன்னல் திறந்துதான் இருந்தது. சுப்பாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கூப்புட்டு வெச்சனுங்க" என்றாள். "மாட்டேன்னு சொல்லிப்போட்டாளுங்க."